அக்கா எடுத்துக்கொடுத்த பெயர்

தம்பியின் போன் வந்தபோது வேதியியல் டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவன் வேலை பார்க்கும் கண்ணாடிப் பட்டறையில் கையில் ஆசிட் பட்டுவிட்டதாம்.

“என்ன ஆசிட்டுடா?”

“ஹைட்ரோன்னு ஏதோ போட்டிருக்கு. மீதி லேபிள் அழிஞ்சுபோச்சு.”

“ஹைட்ரோகுளோரிக்கா?”

“ஆமாக்கா, அதுவாத்தான் இருக்கும். பெருசா எரியக்கூட இல்ல.”

“அப்போ தண்ணியில நல்லா கழுவு. சாயங்காலம் வந்து பாக்கறேன்.”

அக்கா சொன்னால் அவனுக்கு மறுபேச்சில்லை. கழுவிவிட்டு மறுபடி வேலையில் உட்கார்ந்துவிட்டான். சாயங்காலம் அவள் போனபோது விரல்கள் வெளிறி வீங்கியிருந்தன. எலும்புக்குள் துளை போடுவதுபோல் இருக்கிறதென்று துடித்தான். அவள் கேனைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் பொடி எழுத்தில் முழுப்பெயரும் இருந்தது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். கண்ணாடியையே அரிப்பது, பட்டவுடன் வலிக்காமல் உள்ளே இறங்கி எலும்பைத் தின்பது. வருஷா வருஷம் அவளே போர்டில் எழுதிச் சொல்லிக்கொடுப்பதுதான். கண்ணாடிப் பட்டறையில் வேறென்ன ஆசிட் இருக்கும் என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் ஊசிமேல் ஊசி போட்டும் மூன்று விரல்களை எடுக்கவேண்டியதாகிவிட்டது. “பட்ட உடனே கூட்டிட்டு வந்திருந்தா தப்பிச்சிருக்கும்மா,” என்றார் டாக்டர்.

மயக்கம் தெளிந்ததும் தம்பி கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். “எனக்குத்தான் பேரைச் சரியா சொல்லத் தெரியலக்கா.”

“நீ எங்கடா சொன்னே? நான்தான் சொன்னேன்.”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.