அக்காவின் கையெழுத்து

குழந்தைகளின் காய்ச்சல் மருந்துக்கு அளவு சொல்லும் துண்டுப்பிரசுரம் அது. செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும். இரண்டு பேர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அச்சுக்குப் போகும். முதல் ஆள் மருத்துவப் புத்தகத்தைப் புரட்டி அளவைப் பார்க்க வேண்டும். அது அக்காவின் வேலை. இரண்டாம் ஆள் அவளோடு வேலை பார்க்கும் இளையவள். அக்கா கூடப் பிறந்தவள் இல்லை. ஆனாலும் ஆறு வருடமாக அக்காதான். அவள் கையெழுத்தைப் பார்த்துவிட்டால் போதும், இளையவள் கண்ணை மூடிக்கொண்டு தன்னுடையதையும் போட்டுவிடுவாள்.

அன்று இளையவளுக்கு என்னவோ அளவு கூடுதலாகப் பட்டது. அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். ஆதாரம் நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் என்றிருந்தது பிரசுரத்தில். புத்தகமோ முந்நூற்று எண்பதோடு முடிந்துவிட்டது.

"அக்கா, இதைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்டி. சரியான்னு எழுதித் தந்த அதுகிட்டயே கேட்டேன். நூத்துக்கு நூறு சரின்னு சொல்லுச்சு."

"திருடனைக் கூப்பிட்டு நீ திருடினியான்னு கேட்ட மாதிரில்ல இருக்கு! எத்தனை நாளா இப்படி?"

"ஆறேழு மாசமா. நீதான் ரெண்டாவதா பாக்குறியேன்னு விட்டுட்டேன்."

இளையவள் புத்தகத்தை மூடி வைத்தாள். அக்காவை நம்பித் தான் போட்ட கையெழுத்துகளோடு எத்தனை வீடுகளில், எத்தனை தாய்மார் கையில் அந்தத் தாள்கள் இருக்கின்றனவோ!

தொலைபேசியை எடுத்து மேலாளரை அழைத்தாள். அக்கா பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"என் பேரை இழுத்துடாதடி, உனக்குப் புண்ணியமாப் போகும்!"

"முதல்ல என் பேரைத்தான்க்கா சொல்லப் போறேன். உங்களை நம்பினது நான்தானே?"

கையை உதறிவிட்டு, மறுமுனையில் குரல் வரும்வரை அக்காவின் முகத்தைப் பார்க்காமல் நின்றாள்.