ஷெரிலின் திரை

அந்தப் பொத்தானை அழுத்தியது நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் சொல்ல வேண்டிய இடத்தில் பத்தொன்பது நாள் வாயைத் திறக்கவில்லை.

என் பெயர் ஹோவர்ட் பிக்கர்ஸ்கில். இங்கிலாந்தில் வேக்ஃபீல்டுக்குத் தெற்கே போகும் ஒரு நெடுஞ்சாலையின் கட்டுப்பாட்டு அறையில் வேலை. பழுதான வண்டி ஒதுங்கி நிற்க அங்கே முன்பு ஓரப்பாதை இருந்தது. நெரிசல் கூடியதும் அதையும் ஓடுபாதையாக்கிவிட்டார்கள். இப்போது மைலுக்கு ஓர் ஒதுங்குமிடம். அதுவரை உருண்டு போய்ச் சேராத வண்டி, லாரிகள் பாய்ந்து வரும் பாதையிலேயே நிற்க வேண்டியதுதான். நின்ற வண்டியை ராடார் கண்டுபிடித்து எங்கள் திரையில் மணி அடிக்கும். நாங்கள் கேமராவைத் திருப்பிப் பார்த்து, மேலே பலகையில் சிவப்புப் பெருக்கல் குறி போட்டுப் பாதையை மூடுவோம். மூடும்வரை அந்த வண்டிக்குள் இருப்பவர் உயிர் எங்கள் கையில்.

ராடாருக்கு மழை ஆகாது. மழை நாளில் ஒன்றுமே இல்லாததற்கெல்லாம் மணி அடிக்கும். அதிலும் என் பக்கத்துத் திரையில் ஷெரில் பார்க்கும் பகுதியில் ஒரு பாலத்தடி இருந்தது, அங்கே ஒரு நாளில் நாற்பது முறை. அந்த இடத்துக்கு நைஜல் என்று பெயர் வைத்ததும் நான்தான். "நைஜல் கூப்பிடுறான்"னு யாராவது சொன்னால், "பாவம், பேச்சுத் துணைக்கு ஆள் இல்ல"ன்னு இன்னொருவர் சொல்வார். அறையே சிரிக்கும். கேமராவைத் திருப்பிப் பார்த்த பிறகே 'பொய்' என்று அழுத்த வேண்டும் என்பது விதி. நைஜலுக்கு யாரும் திருப்புவதில்லை.

அப்புறம் டீ. முறை வைத்து டீ போடுவோம். போகிறவரின் திரையைப் பக்கத்து ஆள் பார்த்துக்கொள்வார். ஒழுங்காகச் செய்தால் அவர் கணினியில் தன் பெயரை விட்டு வெளியேறி, பார்த்துக்கொள்பவர் தன் பெயரில் நுழைய வேண்டும். அதற்கு இரண்டு நிமிடம் ஆகும். அதனால் யாரும் செய்வதில்லை, நாற்காலியை நகர்த்திக்கொள்வோம், அவ்வளவுதான்.

நவம்பர் மாத மதியம், கொட்டுகிற மழை. ஷெரில் பாட்டம்லி எழுந்தாள்.

"கிழவா, ரெண்டு சர்க்கரையா? டாக்டர் என்ன சொன்னாரு?"

"டாக்டர் இங்க வேலை பாக்கல. ரெண்டு போடு."

அவள் போனதும் மணி அடித்தது. பாலத்தடி. நான் என் திரையிலிருந்து தலையைக்கூடத் திருப்பவில்லை. கையை நீட்டி 'பொய்' என்று அழுத்தினேன். ஒருமுறை அழுத்திவிட்டால் அதே இடத்துக்குப் பத்து நிமிடம் மணி அடிக்காது. ஷெரில் கோப்பைகளோடு வந்து உட்கார்ந்தாள். நாலு நிமிடம் கழித்துப் போலீஸ் அழைத்தது.

நின்றிருந்தது ஒரு சின்ன நீலக் கார். ஜாஸ்லின் லம் என்ற பெண் தடுப்பு வேலியைத் தாண்டி வெளியே நின்றிருக்கிறாள். எண்பத்தொரு வயது அப்பாவால் தாண்ட முடியவில்லை. காரிலேயே உட்கார்ந்திருந்தார். லாரி அவரோடு சேர்த்து காரை நசுக்கிவிட்டது. ஏன் யாருக்கும் போன் செய்யவில்லை என்று அவளைக் கேட்டிருக்கிறார்கள். "கம்பத்துல கேமரா இருந்துச்சே. கைய ஆட்டுனேன். பாத்துட்டாங்கன்னு நெனச்சேன்" என்றாளாம். பதிவில் அது இருக்கிறது. தூரத்துக் கேமராவின் மூலையில், நகம் அளவு ஓர் உருவம் இரண்டு கையையும் ஆட்டுகிறது. அந்தப் படம் என் எதிர்ச் சுவரில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் 'பொய்'க்கு நேராகப் பதிவேட்டில் ஷெரில் பெயர் இருந்தது. அவளை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அவள் மறுப்பாள், டீ போடப் போனேன் என்பாள், அப்போது ஒத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அவள் மறுக்கவில்லை. மறுநாள் போனில் அழுதாள்.

"நான்தான் அழுத்தியிருப்பேன் ஹோவர்ட். டீயோட வந்து ஒக்காந்ததும் அழுத்தியிருப்பேன். ஞாபகமே இல்ல. நாளைக்கு நாப்பது தடவ அழுத்துறோம், எது எதுன்னு எப்பிடிடா ஞாபகம் இருக்கும்?"

"உன்னையே திட்டிக்காத" என்றேன். இதைவிடக் கேடுகெட்ட வாக்கியம் என் வாயிலிருந்து வந்ததில்லை.

பத்தொன்பதாம் நாள் விசாரணை. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஷெரில் எப்படிப்பட்டவள் என்று சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். பொறுப்பானவள், கவனமானவள், யாருக்கும் நடக்கக்கூடியதுதான் என்றெல்லாம் சொன்னேன். தலைவராக இருந்த அம்மாள் எனக்கு நன்றி சொன்னார். வெட்கத்தில் காது சுட்டது. அதையும் அடக்கத்துக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டிருப்பார்.

வண்டி நிறுத்துமிடத்தில் ஷெரில் காத்திருந்தாள். இளைத்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ ஒருத்தன்தான் எனக்காகப் பேசுன. மத்தவனெல்லாம் போனக்கூட எடுக்கல. அந்தப் பொண்ணுக்கு லெட்டர் எழுதிட்டேன், என் தப்புதான்னு. நாளைக்கு அனுப்பப் போறேன்."

அந்தக் கடிதம்தான் என்னை உடைத்தது.

"அனுப்பாத" என்றேன். "அழுத்துனது நான். நீ டீ போடப் போயிருந்த."

அவள் என்னைப் பார்த்தாள். முகம் கோணியது. கோபம் என்று நினைத்தேன். இல்லை. குனிந்து முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, "நான் இல்ல. நான் இல்ல" என்று மூச்சு வாங்கினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"அன்னைக்கே."

"நான் போன்ல அழுதப்பவும்?"

தலையாட்டினேன்.

"தெனமும் கண்ண மூடுனா அந்தக் கெழவர் மூஞ்சி. என் புள்ளைங்க பக்கத்துல வந்தாக்கூட தள்ளிவிட்டேன், கொலகாரி கை எதுக்கு அதுங்க மேலன்னு. பத்தொம்பது நாள், ஹோவர்ட்."

"உள்ள போய்ச் சொல்லிடுறேன்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நீயும் கூட வரியா?" என்று கேட்டேன்.

இன்றைக்கும் நினைத்தால் கூசுவது அந்தக் கேள்விக்குத்தான்.

"தொணைக்கு ஆள் கேக்குதா உனக்கு?" என்றாள் மெதுவாக. காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் திரும்பி நடந்தேன். மூன்று பேரும் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"இன்னும் என்னங்க மிஸ்டர் பிக்கர்ஸ்கில்? உங்க தோழிக்கு உங்களால ஆனத செஞ்சிட்டீங்க. வீட்டுக்குப் போங்க."

"ஜாஸ்லின் லம்முக்கு ஒரு லெட்டர் எழுதணும்" என்றேன். "அத எழுத வேண்டியது ஷெரில் இல்ல, நான்."

அவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். சிரிப்பு போய்விட்டது. இந்த முறை அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை.