பூஜ்யம் கிலோமீட்டர்

ஹேமநாத் சாருக்குத் தெரியாதது உலகத்தில் எதுவுமே இல்லை, அவரே சொல்லியிருக்கிறார். திருப்பதியில் எங்கள் ஆபீஸுக்கு அவர்தான் தலை. ஊர் ஊராக நிற்கும் மாட்டு ஆஸ்பத்திரி வண்டிகளில் எது பக்கத்தில் இருக்கிறது என்று தேடும் குவெரியை இணையத்திலிருந்து அப்படியே சுட்டுப் போட்டுவிட்டு, "ஆர்க் காஸ்னா தெரியுமாம்மா உனக்கு?" என்று என்னைக் கேட்ட மகான். தெரியும். தூரக் கணக்கில் வரும் திரிகோணமிதிதான்; எங்கள் ஊர் பிளஸ் டூவான இன்டர் படித்த யாருக்கும் தெரியும்.

விவசாயிகள் எல்லாம் பொய்யர்கள் என்பது அவர் கட்சி. ஆப்பில் ஓர் ஊரைப் போட்டு வண்டியைக் கூப்பிட்டு, வேறு ஊரில் வைத்தியம் பார்த்துக்கொள்கிறார்களாம். அப்படிக் கூப்பிட்டவர்களின் போன் எண்களை வெள்ளிக்கிழமைதோறும் பிளாக் செய்வது என் வேலை. எங்கள் பக்கத்து ஜனங்கள் இப்படி மானத்தை வாங்குகிறார்களே என்று தலையில் அடித்துக்கொண்டுதான் செய்வேன்.

போன வெள்ளிக்கிழமை காலை விஜயபுரத்திலிருந்து நைனா, என் அப்பா, போன் செய்தார்.

"நேத்து கன்னு போட்ட பசு படுத்துக்கினு கீது பிரீத்தி. எழுந்திரிக்க மாட்டேங்குது. உடம்பே ஜில்லுன்னு ஆயிப்போச்சு."

கால்சியம் குறைந்திருக்கும். சில மணி நேரத்தில் ஊசி போடாவிட்டால் பசு பிழைக்காது.

"வண்டியக் கூப்புடு நைனா."

"வண்டி இங்கியே பால் சொசைட்டியாண்ட நின்னுக்கினு கீது. ஆப்புல நாராயணவனத்து வண்டிதான் வரும்னு காட்டுது. அது வர ரெண்டு மணி நேரம் ஆவுமாம். இங்க கீற டிரைவர் பவன்குமாரு, கேஸ் நெம்பர் வராம நகர மாட்டேன்றான்."

விஜயபுரத்துக்கும் விஜயபுரத்துக்கும் எவ்வளவு தூரம் என்று குவெரியில் கேட்டுப் பார்த்தேன். பூஜ்யம் வரவில்லை. விடையே வரவில்லை.

எங்கள் கணக்கில் ஓர் ஊருக்கு ஒரே புள்ளி. வண்டியும் மாடும் ஒரே ஊரில் இருந்தால், தூரம் பூஜ்யம் என்று வர, ஆர்க் காஸுக்குள் சரியாக ஒன்று போக வேண்டும். கம்ப்யூட்டரின் தசமக் கணக்கில் சில ஊர்களுக்கு அது ஒன்றைவிட மயிரிழை கூடிவிடுகிறது. ஒன்றைத் தாண்டினால் ஆர்க் காஸுக்கு விடை கிடையாது. விடை இல்லாத வண்டி பட்டியலில் வராது. அதாவது, உள்ளூரில் நிற்கும் வண்டிதான் வராது! இதைக்கூடச் சோதித்துப் பார்க்காத மேதாவி.

ஒரு வரி திருத்தினால் போதும். அதற்கு சாரின் அனுமதி வேண்டும். அவரோ போனை அணைத்துவிட்டு மீட்டிங்கில் அளந்துகொண்டிருந்தார்.

"நைனா, விஜயபுரம்னு போடாத. பக்கத்து ஊரு பேரப் போடு."

போட்டார். தூரம் பூஜ்யமாக இல்லாததால் அடுத்த நிமிஷமே பவன்குமாருக்குக் கேஸ் நம்பர் விழுந்தது.

மதியம் மறுபடி கூப்பிட்டார். "எழுந்துக்கிச்சும்மா. கன்னு பால் குடிச்சிக்கினு கீது." எனக்கு அழுகையே வந்துவிட்டது. நைனா நிறுத்தவில்லை. "ஊரை மாத்திப் போட்டாத்தான் வண்டி வரும்னு நம்மூரு கோவர்த்தனன் அப்பவே சொன்னான். ஆனா அவன் நெம்பர வெட்டிட்டாங்க. போன மாசம் எருமை படுத்தப்போ கூப்புடவே முடியல. செத்துப்போச்சு. அதான் பயந்துக்கினு உன்னக் கேட்டேன்."

சாயங்காலம் ஹேமநாத் சார் என் மேஜையைத் தட்டினார். "இந்த வாரம் எத்தனை பொய்யர்கள்மா?"

பட்டியலைத் திறந்தேன். பிளாக் செய்ய வேண்டிய புது எண் ஒன்றுதான், நைனாவுடையது. அதற்கு மேலே கோவர்த்தனனையும் சேர்த்து ஐம்பத்தெட்டு பழைய எண்கள். பிளாக் செய்தவர் யார் என்று போட்டிருந்த இடத்தில் ஒன்று விடாமல் என் பேர் இருந்தது.