ஐந்தாம் நம்பர் மலையில் விழுந்த படம்

தேயிலை ஸ்டோரில் மிஷின்களைக் காவல் காக்கும் ரோதை முனி மேல் சத்தியமாகச் சொல்கிறேன்: கீழே வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒரு சொல் பொய்யானாலும் என் வலது கை கொழுந்து அரைக்கிற ரோலருக்குள் போகட்டும்.

2005ஆம் ஆண்டு. வட்டவளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் நான் பங்களாச் சமையல்காரன். தோட்டத்து மானேஜரான எங்கள் தொரைக்கு கோல்ப் பைத்தியம். நுவரெலியா மைதானத்துக்குப் போய் ஆடலாம்தான். ஆனால் எங்கள் பக்கத்து மழை அவரை வாசல்படி தாண்ட விடாது. அவர் படுகிற பாட்டைக் கேள்விப்பட்டு லண்டனிலிருந்த தம்பி ஒரு சாமானை அனுப்பிவைத்தார். கூடத்தில் நின்று, எதிரே தொங்கும் துணியைப் பார்த்துப் பந்தை அடிக்க வேண்டும். பந்து எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று காலடியில் இருக்கும் பெட்டி கணக்குப் போட்டு, துணியில் தெரிகிற மைதானப் படத்தில் அந்தப் பந்தைப் பறக்க விடும். எல்லாம் வந்தது, படம் காட்டும் புரொஜெக்டர் மட்டும் வரவில்லை.

அதை வாங்கி மாட்டுகிற வேலை அழகன் தலையில் விழுந்தது. தோட்டத்தில் ஆறு வருசமாக லைட்டு வேலை பார்க்கிறவன். ஆனாலும் தோட்டத்து நிரந்தரத் தொழிலாளியாகப் பேர் பதியாத ஆள். பேர் பதியாதவனுக்கு லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்க ஒரு காம்பிரா கிடையாது. அவனும் பெண்சாதி ராசம்மாவும் மாமனார் வீட்டு அடுப்படியில் படுத்துக்கிடந்தார்கள்.

"சனிக்கிழமை படம் சரியா தெரியணும், அழகன். தெரிஞ்சா பேர் பதிவு. இல்லாட்டி கேட்டுக்கு வெளியே," என்றார் தொரை.

கொழும்புக் கடைக்கு சாப்பாட்டுக் கேரியரோடு நானும் போனேன். கடைக்காரர் முதலில் பள்ளிக்கூடத்துக்கு வாங்குகிற சின்னப் பெட்டியைக் காட்டினார். அழகன் வேண்டாம் என்றான். அதை ஆடுகிறவருக்கு வெகு தூரம் பின்னால் மாட்ட வேண்டுமாம். தொரையின் தொப்பை நிழல் பாதி மைதானத்தை மறைத்துவிடுமாம். தலைக்கு மேலே, கிட்டத்தில் தொங்கியே சுவர் முழுக்கப் படம் விரிக்கிற பெட்டி வேண்டும் என்றான். அதுவும் இருந்தது.

"இது மூடுபனிக்குள்ள தெரியுமாங்க?" என்று கேட்டான்.

கடைக்காரர் சிரித்தார். சிரிக்க என்ன இருக்கிறது? எங்கள் பங்களாவில் பனி குசினி வழியாக வந்து கூடத்து வழியாகப் போகும். ஒரு நாள் தொரை என்று நினைத்து சூப்பை பியானோவுக்கு முன்னால் வைத்துவிட்டேன். திரும்பி வந்தபோது கோப்பை காலி. கடைசியில், அந்த வகையிலேயே கல்யாண மண்டபங்களுக்கென்று வைத்திருந்த, கடையிலேயே வெளிச்சம் கூடின பெட்டியை வாங்கினோம்.

கூடத்து முகடு கோயில் உயரம். அழகன் விட்டத்திலிருந்து இரும்புக் குழாயை இறக்கி, அதன் நுனியில் பெட்டியைத் தொங்கவிட்டான். முதலில் பெட்டி அண்ணாந்து நின்றதால் படம் மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் முறம் போல விழுந்தது. பெட்டியை மட்டத்துக்குக் கொண்டுவந்ததும் சரியானது. தொரையின் மட்டை இடிக்குமா என்று பார்க்க, என் கையில் அகப்பையைக் கொடுத்து வீசச் சொன்னான். இரண்டு பல்பு உடைந்த பிறகு பெட்டியை ஒரு முழம் முன்னுக்குத் தள்ளினான்.

துணிக்குத்தான் வினை. லண்டன் துணி வந்து சேரவில்லை. ராசம்மா கோதுமை மாவுச் சாக்குகளை வெளுத்து, ஒட்டுப்போட்டு, சுவரளவுக்கு ஒன்று தைத்துக் கொடுத்தாள். அதற்குப் பின்னால் பெரிய ஜன்னல். பெட்டிச் சூடு போகட்டும் என்று அழகன் அதைத் திறந்து வைத்தான்.

சனிக்கிழமை காலை. வெளியே கட்டிப் பனி. தொரை மூச்சைப் பிடித்து முதல் அடி அடித்தார். தையல் மேலிருந்து கீழ்வரை கிழிந்து, துணி இரண்டாகப் பிரிந்தது. வெளிச்சம் ஜன்னல் வழியாகப் பாய்ந்து, எதிரே ஐந்தாம் நம்பர் மலையை மூடியிருந்த பனிமேல் விழுந்தது.

காலைப் பெரட்டில் வேலை பிரித்துக் கொடுத்து முடிந்து கொழுந்தெடுக்க வந்த பொம்பளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள். மலையில் ஒரு தேயிலைச் செடி இல்லை. மழமழவென்று புல்லு. நடுவில் ஒரு கொடி.

"ஐயோ, மலையைப் புடுங்கிட்டாங்கடி!" வீரம்மா கூடையைப் போட்டுவிட்டு மார்பில் அடித்துக்கொண்டாள். "நேத்து சாயங்காலம் நான் கொழுந்தெடுத்த செடிடி!"

"ஒரே ராத்திரியில புல்லு வச்சிட்டாங்களேடி! இனி எங்கடி வேலைக்குப் போவோம்?" என்றாள் இன்னொருத்தி.

வீரம்மாவின் ஆடு மட்டும் அலட்டிக்கொள்ளாமல் மேயப் போனது. அடுத்த வாரம் முழுக்க அது கொடுத்த பால் இருட்டில் மினுங்கியது.

தொழிற்சங்கத் தலைவர் செல்லசாமி லயத்தையே திரட்டிக்கொண்டு பங்களா வாசலுக்கு வந்தார். "யாரைக் கேட்டு மலையைப் புடுங்குனீங்க தொரை? இந்த நிமிசத்துலேருந்து ஸ்டிரைக்கு!"

தொரைக்கு அது காதிலேயே விழவில்லை. அவர் பந்து மலைமேல் உருண்டுகொண்டிருந்தது. உருண்டு, தயங்கி, கொடிக்குக் கீழே குழியில் விழுந்தது. ஒரே அடி! தொரையின் வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு, "கேமரா! யாரும் நிப்பாட்டக் கூடாது! நிப்பாட்டினவனுக்கு இங்க வேலை இல்லை!" என்று கத்தினார்.

வாசலில் ராசம்மா அழுதுகொண்டு நின்றாள். "ஏங்க, நம்ம மலைங்க..."

அழகன் ஒரு தரம் தொரையைப் பார்த்தான், ஒரு தரம் பெண்சாதியைப் பார்த்தான். வயரைப் பிடித்து இழுத்துவிட்டான்.

புல் போய்விட்டது. பனிக்குள்ளிருந்து தேயிலைச் செடிகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன.

"அழகன், இன்னைக்கே வெளியே," என்றார் தொரை.

"என்னாது?" என்றார் செல்லசாமி. "போன மலையைத் திருப்பிக் கொண்டாந்தவனை வெளிய அனுப்புவீங்களா? நாளைக்கு ஆறாம் நம்பர் போனா நீங்களா கொண்டுவருவீங்க? இவன் பேரைப் பதியிற வரைக்கும் ஒரு கொழுந்து கிள்ள மாட்டோம்."

செடியில் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் தொரை பேரைப் பதிந்துவிட்டார். காம்பிராவும் கிடைத்தது.

தோட்டத்தில் கொடுத்த புதுக் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு அழகன் முதலில் என்னிடம்தான் காட்ட வந்தான். அதற்கு முந்தின மாதத்திலிருந்தே நான் கண் ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணிலும் கட்டோடு படுத்திருந்ததால் என்னால் பார்க்க முடியவில்லை.