கத்தி நிற்கும் வரை

"அடுத்த வசந்தத்துக்கு நீங்க வர வேண்டாம், தார்தோ."

"வேற ஆள் கெடச்சிட்டானா, தோன்யா எல்பியா?"

"ஆளுக்கென்ன பஞ்சம். நானே வெட்டப் போறேன். சொல்லிக் குடுக்க மட்டும் ஒரு தடவை வாங்க."

போன வருடம் எல்பியா இப்படிச் சொன்னதிலிருந்து தார்தோ குடித்த மாத்தே இலைத் தேநீர் வழக்கத்தைவிடக் கசந்தது. தக்குவாரெம்போ பக்கத்து மேய்ச்சல் நிலங்களில் சிர்க்காப் புதர் ஆண்டுதோறும் இடுப்பளவு வளரும். டிராக்டருக்குப் பின்னால் புதர்வெட்டியை மாட்டிக்கொண்டு தார்தோ ஆண்டுதோறும் எல்பியாவின் நிலத்துக்குப் போவார். வெட்டி முடித்ததும், 'தோன்யா' என்று மரியாதையாகவே அழைக்கும் அந்த விதவையிடம் ஒன்று கேட்க நினைப்பார். கேட்காமலே திரும்பிவிடுவார்.

இப்போது அவளுக்குச் சொல்லிக்கொடுத்தால் அவள் வாசலுக்குப் போகும் சாக்கு போய்விடும். ஆனாலும் அரைகுறையாகக் கற்றுக்கொடுத்து அவளைப் புதர்வெட்டியின் சுழலும் கத்திகளோடு விட அவருக்கு மனம் வரவில்லை.

முதல் நாள் டிராக்டரைக் கிளப்பவே இல்லை. நிலம் முழுக்க நடந்து கல்லும் பழைய வேலிக்கம்பியும் பொறுக்கினார்கள்.

"டிராக்டர் ஓட்டச் சொல்லிக் குடுக்கக் கூப்பிட்டா குப்பை பொறுக்க வெக்கிறீங்க."

"கத்தியில பட்ட கல்லு குண்டு மாதிரி பறக்கும். யாரு பக்கத்துல வந்தாலும் உடனே நிறுத்தணும்."

"பாதிரியார் வந்தா?"

"அவருக்கும் ரெண்டு கால்தான்."

பிறகு வரிசையாகச் சொன்னார். "மொதல்ல கத்தியைச் சுத்த வெக்கிற பிடிஓவை நிறுத்துங்க. வெட்டியைத் தரையில இறக்குங்க. இஞ்சினை அணைச்சு சாவியைப் பையில போட்டுக்கோங்க. அப்பவும் கத்தி சுத்திக்கிட்டே இருக்கும். அது நிக்கற வரைக்கும் எறங்கக் கூடாது."

இன்று எல்பியா தனியாக ஓட்டினாள். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னால் பார்த்தாள். வெந்நீர்க் குடுவையை அக்குளில் இடுக்கியபடி தார்தோ வேலிக்கதவருகே நின்று குற்றம் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. பெருமையாகவும் இருந்தது, இனி வரச் சாக்கில்லையே என்றும் இருந்தது. மாத்தேயை ஊற்றி எடுத்துக்கொண்டு, தன்னையறியாமல் நிலத்துக்குள் நடந்தார்.

டிராக்டர் நின்றது. வெட்டி தரையில் இறங்கியது. இஞ்சின் அடங்கியது. அவர் நடந்துகொண்டே இருந்தார்.

எல்பியா இருக்கையிலிருந்தே கையை உயர்த்தினாள். "அங்கயே நில்லுங்க."

"மாத்தே ஆறிடும்."

"ஆறட்டும். கத்தி இன்னும் நிக்கல. உங்களுக்கு மட்டும் என்ன, மூணு காலா?"

அவர் நின்றார். சுற்றும் ஓசை தேய்ந்து அடங்கிய பிறகே அவள் இறங்கி வந்து மாத்தேயை வாங்கி உறிஞ்சினாள்.

"நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"ஒண்ணும் இல்ல."

"அப்பறம் ஏன் நடு நிலத்துக்கு வந்தீங்க? எனக்குப் பாடம் சொன்ன ஆளு."

தார்தோ தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"இனிமே சிர்க்கா வெட்ட நான் வர வேண்டியதில்ல."

"ஆமா, வேண்டியதில்ல."

"வெட்டறதுக்கு ஒண்ணும் இல்லாமலே வரலாமா? வந்தா... திரும்பிப் போகாம இங்கயே இருந்துடலாமா? என்னைக் கட்டிக்குவீங்களா, எல்பியா?"