கிழக்குப் பக்கத்து ஸ்பிரிங்

ஜிஜாவுக்குத் தன் கையின் மேல் இருந்த நம்பிக்கை கொஞ்சநஞ்சமல்ல. போல்ட்டைக் கண்ணால் பார்த்தே எந்த ஸ்பேனர் என்று சொல்லிவிடுவாள். பதினாறு வருடம் அடுத்தவர் ஒர்க்‌ஷாப்பில் ஜீப்புக்கு அடியில் கிடந்து முதுகு தேய்ந்தவள், இந்த வருடம்தான் கொல்லயில் ஊரில் ஒரு தென்னந்தோப்பின் ஓரம் தகர ஷெட் போட்டு, தன் பேரில் போர்டு மாட்டினாள். ஊர் திரண்டு வந்து பார்த்தது, போர்டு பிரமாதம் என்றது, வண்டியை மட்டும் வேறு இடத்தில் விட்டது.

அப்படியிருக்க வந்து சேர்ந்த முதல் பெரிய வேலை நார்பர்ட்டின் ஜீப். பொழியூர் கடப்புறத்துக்காரர், அதாவது கடற்கரை ஆள். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் பழைய ஜீப் அது. மணலில் வள்ளங்களை இழுத்து மேட்டில் ஏற்றுவதுதான் அதற்குப் பிழைப்பு. இழுத்த இழுப்பில் பின்பக்கத்து ஸ்பிரிங் இரண்டும் ஒடிந்து, குந்தி உட்கார்ந்துவிட்டது.

புது ஸ்பிரிங் அடித்துக் கொடுத்தவர் வெள்ளறடை மோகனன். இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வில்லாக வளைத்து, நடுவில் போல்ட் போட்டுக் கோப்பதில் அந்தப் பக்கத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. திங்கட்கிழமை அவரே வந்து, முற்றத்தில் நின்ற ஜீப்பை அளந்து போனார். இந்த ஜீப்பில் டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே டேங்க். ஆளும் எண்ணெயும் ஒரே பக்கம் அமுக்குவதால், அந்தப் பக்கத்து ஸ்பிரிங்குக்கு வளைவு அரை இஞ்ச் கூடுதல் வேண்டும். வியாழக்கிழமை செட் இரண்டும் வந்து இறங்கின. ஒன்றில் மஞ்சள் பெயின்டில் ‘கி’, மற்றதில் ‘ப’. கிழக்கு, படிஞ்ஞாறு. மேற்கை மலையாளத்தில் அப்படித்தானே சொல்வார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் எல்லார் போனிலும் செய்தி வந்தது. ராத்திரி கள்ளக்கடல். காற்றும் இல்லாமல் மழையும் இல்லாமல், சொல்லாமல் கொள்ளாமல் கரையேறும் கடல் அது. நார்பர்ட் உடனே கூப்பிட்டார்.

“மக்கா, ஆறு வள்ளம் கரையில கெடக்கு. இருட்டுக்கு முன்ன மேட்டுல ஏத்தியாவணும். வேற வண்டி இல்ல, பாத்துக்க.”

“மூணு மணிக்கு வந்து எடுத்துட்டுப் போவும் அண்ணே. சொன்னா சொன்னதாக்கும்.”

சொன்னபடியே இரண்டரைக்கு வேலை முடிந்தது. ஜாக்கியை இறக்கி, வண்டி தன் பாரத்தில் நின்ற பிறகு போல்ட்டுகளைக் கடைசியாக முறுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே பின்னால் போய் நின்று பார்த்தாள். ஜீப் இடுப்பில் குடம் வைத்தவள்போல டிரைவர் பக்கம் சாய்ந்து நின்றது. காற்றுப் போயிருக்குமோ என்று டயரை உதைத்துப் பார்த்தாள். டயர் கல்லுப்போல இருந்தது.

அடுத்த நிமிடம் மோகனனுக்குப் போன் பறந்தது.

“மோகனன் அண்ணே, எந்தா இது? ஒரு செட்டு பொங்கியும் ஒரு செட்டு அமுங்கியும் நிக்குதே! கடலு வருதுன்னு அங்க ஆளு ஓடுது, நீரு கண்ண மூடிட்டா அளந்தீரு?”

“எடீ, ஞான் அளந்நது சரியாக்கும். கி கெழக்க, ப படிஞ்ஞாறு. மாத்தி வச்சியா?”

“எனக்கு எழுத்துப் படிக்கத் தெரியும்!” என்று கட் செய்தாள். காது சூடாகியிருந்தது.

நார்பர்ட் ஆட்டோவில் வந்து இறங்கியது அந்த நேரம் பார்த்துத்தான். வண்டியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார்.

“மோகனனுக்க வேலயா? கொள்ளாம், ரொம்ப நல்லாருக்கு. இனி அவனுக்கு ஒரு கம்பி கூட கடப்புறத்துலேந்து போவாது.”

ஆமாம் என்று ஒரு தலையாட்டு ஆட்டினால் போதும். ஜிஜா ஆட்டவும் போனாள். அப்போதுதான் கண் வண்டியின் டிரைவர் கதவுப் பக்கம் போனது. மூன்று மணி வெயில் பளீரென்று அந்தப் பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கிழக்குப் பக்கத்தில் எப்படி மூன்று மணி வெயில் விழும்?

திங்கட்கிழமை மோகனன் அளந்தபோது ஜீப் வடக்கே பார்த்து நின்றது. டிரைவர் பக்கம் கிழக்கு. மறுநாள் மழைக்குப் பயந்து, தள்ளித் திருப்பி ஷெட்டில் ஏற்றியது அவளேதான். இப்போது வண்டி தெற்கே பார்த்து நிற்கிறது; டிரைவர் பக்கம் மேற்கு, ‘கி’ கிடப்பது எதிர்ப்பக்கம்.

இந்த ஊரில் இடது வலது என்று யாரும் பேசுவதில்லை. முற்றத்தில் படுத்த பூனையைக்கூடத் தெற்கே நீங்கிப் படு என்றுதான் அதட்டுவார்கள். மேசையில் உப்பைக் கிழக்கே தள்ளி வை என்பார்கள். வீடும் மேசையும் இருந்த இடத்தில் இருக்கும், அதனால் குழப்பமில்லை. வண்டி அப்படியா? அவர் எழுதியதும் சரி, இவள் படித்ததும் சரி. நடுவில் ஜீப் திரும்பிக்கொண்டது. திருப்பியவளுக்கு அல்லவா அது தெரிந்திருக்க வேண்டும்!

தலையாட்டியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மோகனனின் பேர் கெட்டிருக்கும், அவள் போர்டு பளபளவென்று இருந்திருக்கும். ஒரு மூச்சு நேரம் அந்த ஆசையும் வந்தது, இல்லை என்று சொல்ல முடியாது.

“அண்ணே, மோகனன் அண்ணனுக்க பிழை இல்ல. எனக்க பிழையாக்கும். செட்டு ரெண்டும் பக்கம் மாறிக் கெடக்கு.”

நார்பர்ட் போனில் மணி பார்த்தார்.

“இப்பிடியே ஓடாதா?”

“ஓடும். ஆனா மணல்ல பாரம் இழுக்கும்போ சாஞ்ச பக்கம் ஆக்சில்ல போய் இடிக்கும். மூணாவது வள்ளத்துல நின்னுபோவும். ஒண்ணேகால் மணிக்கூறு தாங்க. ஜாக்கிய மட்டும் பிடிச்சுத் தாங்க.”

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

போல்ட்டுகள் புதிது என்பதால் சொன்னபடி கழன்று வந்தன. இரண்டு செட்டையும் இறக்கி, பக்கம் மாற்றி, நடுப் போல்ட்டின் தலை ஆக்சிலின் குழியில் போய் உட்கார்ந்ததை விரலால் தடவிப் பார்த்தாள். சக்கரம் இன்னும் தொங்கும்போதே, “முறுக்கு மக்கா, நேரமாச்சு” என்றார் நார்பர்ட்.

“தரையில நின்னப்பொறம்தான் முறுக்கணும். இப்ப முறுக்கினா உள்ள ரப்பர் பிய்ஞ்சு போவும். பிழை செஞ்சது ஒரு தடவ போதும் அண்ணே.”

நாலேகாலுக்கு ஜீப் நிமிர்ந்து நின்றது, நூல் பிடித்ததுபோல. அவள் தானும் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் வண்டியின் ஒவ்வொரு குலுக்கலையும் முதுகால் கேட்டுக்கொண்டே போனாள். நடுவில் மோகனனைக் கூப்பிட்டு, நார்பர்ட் கேட்கும்படியே மன்னிப்பும் கேட்டாள்.

கடப்புறத்தில் அலை ஏற்கனவே கெட்ட எண்ணத்தோடுதான் இருந்தது. நார்பர்ட் கயிறு கட்டப் போனதால் ஸ்டியரிங்கை ஜிஜா பிடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதில் சக்கரம் புதைந்து, உறுமி, மேலேறியது. நாலு, ஐந்து. ஐந்தும் அடுத்தவர்களின் வள்ளங்கள். நார்பர்ட்டின் சொந்த வள்ளம்தான் கடைசி என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. தன்னால் போன ஒன்றேகால் மணி நேரம் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. கயிறு கட்டும்போதே அலை வள்ளத்தின் பின்பக்கத்தை நனைத்துவிட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கியரைப் போட்டாள். கயிறு விறைத்தது, ஜீப்பின் பின்புறம் அமுங்கியது, எந்தப் பக்கமும் சாயாமல் அமுங்கியது. வள்ளம் அசைந்து, மணலைக் கீறிக்கொண்டு மேட்டுக்கு வந்தது. அடுத்த அலை, அது கிடந்த பள்ளத்தை நிரப்பிவிட்டுத் திரும்பியது.

நார்பர்ட் கயிற்றை அவிழ்த்தார். பக்கத்தில் நின்ற, மீன் வண்டி ஓட்டும் அஜீஷிடம் அவளுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

“எலே, நாளைக்கு ஒனக்க வண்டியக் கொல்லயில்ல ஜிஜாகிட்ட கொண்டு விடு. பிழை செஞ்சா செஞ்சேன்னு சொல்லுத ஆளாக்கும்.”

ஜிஜா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழுதாள். கண்ணைத் துடைக்கலாமென்றால் இரண்டு கையும் கிரீஸ்.