சத்தம் வரக் கூடாது

அப்பாவின் வலது கை சட்டைக்குள் போக மறுத்தது. உயிரோடு இருந்தபோதும் லேசில் வளைந்து கொடுக்கிற ஆளில்லை அவர். அவர் தோளை அவள் மெல்லத் தூக்கி, சட்டைக் கையைச் சுருட்டி நுழைத்துப் பார்த்தாள். "கொஞ்சம் கையை நீட்டுங்கப்பா" என்று வாய் தவறிச் சொன்ன பிறகுதான் அந்த அறையின் அமைதி உறைத்தது.

தம்பி கதவருகே வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, போலீஸ் வந்திருக்கு."

"எதுக்கு, செத்தவரைப் பிடிச்சுட்டுப் போகவா?"

"விளையாடாத. இன்ஸ்பெக்டரே வந்திருக்கார். வீட்ல ஜெபம், பாட்டு எதுவும் கூடாதாம். நேரா கல்லறைக்கு எடுத்துட்டுப் போயிடணுமாம்."

அவள் அப்பாவின் கழுத்துப் பொத்தானைப் போட்டு, காலரை நீவிவிட்டாள்.

அப்பா ஃபிரிட்ஜ் மெக்கானிக். வீட்டின் முன்னறையில் ஞாயிறுதோறும் முப்பது பேரைக் கூட்டி உட்கார வைத்து ஆராதனை நடத்த இடம் கொடுத்தவர். குடியிருக்கிற வீட்டில் கூட்டு வழிபாடு கூடாது என்று யாரோ புகார் கொடுக்க, போன வருடம் அந்த அறைக்குச் சீல் வைத்தார்கள். பாஸ்டர் மேல் வழக்கு விழுந்தது. அப்பா அசரவில்லை. அடுத்த ஞாயிறே எல்லோரையும் அழைத்துக்கொண்டு தெருவில் நடந்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஜெபமெல்லாம் மனதுக்குள்தான். வழிமறித்த காவலரிடம், "நடக்கிறதுக்கு யார்கிட்ட சார் அனுமதி வாங்கணும்?" என்று கேட்டார். அன்றிலிருந்து ஒரு ஞாயிறு தவறவில்லை. நேற்று, யாருடைய வீட்டிலோ கம்ப்ரஸரைக் கழற்றிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழவில்லை.

பெட்டியை நடுக்கூடத்தில் வைத்தார்கள். இடம் போதாமல் மாடிப்படியெல்லாம் ஆட்கள். பாஸ்டர் கடைசிப் படியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். அம்மா தலைமாட்டில். நேற்றிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்ஸ்பெக்டர் வாசலில் செருப்புகளுக்கு நடுவே, உள்ளே வரலாமா வேண்டாமா என்பதுபோல் நின்றார்.

"ஏம்மா, நான் ஒண்ணும் உங்களுக்கு எதிரி இல்ல. மேலருந்து சொல்றாங்க. நாளைக்கு ஏதாவது பிரச்சினைன்னா என் தலைதான் உருளும். சத்தம் வராம எடுத்துட்டுப் போயிடுங்க."

"அழலாமா சார்?" என்று கேட்டாள் அவள்.

"அழுங்கம்மா. அதை யார் வேணாம்னா?"

"சத்தமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க வீட்ல அழுகையும் பாட்டும் சேர்ந்துதான் வரும் சார். எதுவரைக்கும் அழுகை, எங்கேருந்து பாட்டுன்னு பக்கத்துல நின்னு சொல்லுங்க. நிறுத்திக்கிறோம்."

அவள் குரலை உயர்த்தவில்லை. பஸ் கண்டக்டர் அவள். படிக்கட்டில் தொங்குகிறவனை உள்ளே வரவைக்கக் கத்தத் தேவையில்லை என்று தெரிந்தவள்.

பாஸ்டர் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"நீங்க உட்காருங்க பாஸ்டர். உங்க மேல ஒரு கேஸ் இருக்கு, அது போதும். இன்னைக்கு நான் பண்றேன்."

தம்பி அவள் முழங்கையைப் பற்றினான். அவனுக்கு அரசாங்க வேலை. சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. "என் வேலையை யோசிச்சியா? உன்னோடதையாவது?"

"யோசிச்சேன்டா. நீ வேணும்னா வெளிய நில்லு. எனக்குக் கோபமில்ல, நிஜமா."

அவன் கையை விட்டுவிட்டு வாசல் பக்கம் போனான்.

அவள் பெட்டியின் விளிம்பில் கை வைத்தாள். "ஆண்டவரே, எங்கப்பா உங்களை வெக்கப்பட்டு ஒளிச்சு வச்சதில்ல. நாங்களும் வைக்க மாட்டோம். இவரைச் சேர்த்துக்கோங்க." "ஆமென்" என்றாள். படிகளிலிருந்தும் ஆமென் வந்தது, கொஞ்சம் பயத்தோடு.

அடுத்து பாட்டு. எல்லோரும் காத்திருந்தார்கள். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் புரிந்தது. எப்போதும் ஆரம்பிக்கிறவர் பெட்டிக்குள் இருந்தார்.

அம்மா தலையைத் தூக்கினாள்.

"இவரு எடுக்கும்போதே உச்சத்துல எடுத்துடுவாரு. யாராலயும் கூடப் பாட முடியாது. சொன்னா கேட்டதே இல்ல." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நாம கொஞ்சம் கீழ எடுப்போம்."

எடுத்தாள். குரல் நடுங்கிற்று, ஆனால் சுருதி விலகவில்லை. படியில் யாரோ சிரித்து, சிரிப்பு பாதியில் உடைந்தது. ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். இரண்டாவது வரியில், வாசல் பக்கமிருந்து தம்பியின் கட்டைக் குரல் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவானோ என்றிருந்தது.

பாட்டு நிற்காமலே பெட்டியைத் தூக்கினார்கள். முன்பக்கம் தம்பி ஒரு தோள், அவள் ஒரு தோள்.

தெருவில் போலீஸ் ஜீப் கேட்டை அடைத்தாற்போல நின்றிருந்தது. இன்ஸ்பெக்டர் டிரைவரைக் கூப்பிடவில்லை. தானே ஏறி உட்கார்ந்து, மெதுவாகப் பின்னால் எடுத்தார். பெட்டி போகிற அளவுக்கு வழி கிடைத்ததும் எஞ்சினை அணைத்தார்.